முளைக்காத குழி

கச்சிராயபாளையம்
8 செப்டம்பர் 2024

ஜூலி,

உன் அண்ணி போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். நீயும் நானும் போனில் பேசினால் சண்டையில் முடிகிறது. சண்டை போட்டால் எனக்கு மூச்சு வாங்குகிறது. "உங்க தங்கச்சிகிட்ட பேசணும்னா எழுதுங்க. பேப்பர்ல எவ்ளோ வேணா கத்துங்க, எனக்குக் கேக்காது" என்கிறாள் ரீத்தா. அதனால் எழுதுகிறேன். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பிறகு இவ்வளவு நீளமாக எழுதுவது இப்போதுதான். எழுத்து கோணலாக இருந்தால் நெஞ்சைக் குறை சொல், கையைச் சொல்லாதே.

போனில் பாதியில் நின்றதை முடித்துவிடுகிறேன்.

ஜூலை மாதம் நெஞ்சு அடைத்தபோது கரியாலூரிலிருந்து ஜீப்பை இறக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே சந்தைக்குப் போகிற பெண்கள், கடுக்காய் மூட்டைகள். கொண்டை ஊசி வளைவில் நிறுத்த முடியாது, பின்னால் லாரி. அடிவாரம் வரை இறக்கிவிட்டுத்தான் ஸ்டியரிங்கில் சாய்ந்தேன். அந்த நேரத்தில்தான் இதயத்தில் ஒரு பக்கத்துச் சதை செத்துப்போனது என்கிறார்கள். ஜீப்பில் இருந்த எல்லோரும் பத்திரமாக இறங்கினார்கள். அதற்கு எனக்குப் பதக்கம் வேண்டாம். சதை வேண்டும்.

கள்ளக்குறிச்சி டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "பைபாஸ் பண்ணா உசுரோட கீற சதைக்கு ரத்தம் நல்லா போவும். செத்தது செத்ததுதான் பிலவேந்திரன். ஜீப், மலை, மூட்டை எல்லாத்தையும் மறந்துடுங்க" என்றார்.

நீ சென்னையில் இதயச் சதையை வளர்க்கிறாய். தட்டில் அது துடிப்பதை எனக்கே வீடியோவில் காட்டினாய். பைபாஸ் செய்யும்போது அதை இதயத்தின்மேல் வைத்துத் தைத்துப் பார்க்கிற ஆராய்ச்சி உங்கள் ஆஸ்பத்திரியில் ஆரம்பித்திருக்கிறது என்றும் நீதான் சொன்னாய். என்னையும் அதில் சேர்த்துவிடு என்றேன். முடியாது என்று ஒரே வார்த்தை சொன்னாய். நான் கத்தினேன். நீயும் கத்தினாய்.

மரவள்ளி நடும்போது சில குழிகள் முளைக்காது. அங்கே தண்டை வெட்டி வேறு கரணை நடுவோம். சின்ன வயதில் நீதான் பாவாடையில் கரணைகளைக் கட்டிக்கொண்டு முளைக்காத குழியைத் தேடிப்போவாய். இப்போது என் நெஞ்சில் ஒரு குழி. கரணை உன் கையில் இருக்கிறது. அடுத்தவர் நிலத்தில்தான் நடுவேன் என்கிறாய்.

அண்ணன்

•

சென்னை
17 செப்டம்பர் 2024

அண்ணா,

உன் கடிதத்தைப் பேருந்தில் படித்தேன். லேப் வாசலில் ஒருமுறை. சாப்பிடும்போது ஒருமுறை. எங்கே படித்தாலும் அதே கேள்வி.

முடியாது.

காரணத்தைச் சொல்ல போனில் நீ விடவில்லை. இங்கே குறுக்கே பேச முடியாது. கேள்.

யாரோ கொடுத்த ரத்தம். அதிலிருந்து சில உயிரணுக்கள். அவற்றைப் பின்னோக்கி நடத்துகிறோம், எதுவாகவும் ஆகக்கூடிய நிலைக்கு. பிறகு ஒரு வழியை மட்டும் திறந்துவிடுகிறோம். இதயச் சதையாக ஆகும் வழி. சில வாரங்கள். ஒரு காலையில் தட்டைப் பார்த்தால் துடிக்கிறது. யாரும் துடிக்கச் சொல்லவில்லை. அவற்றை மெல்லிய தகடாக வளர்ப்பது என் வேலை.

நீ சொன்ன கரணையை நினைத்துப் பார்த்தேன். அது பக்கத்துச் செடியைக் கேட்டு வளர்வதில்லை. இதயத்தில் வைத்தது பக்கத்துச் சதையோடு சேர்ந்து ஒரே தாளத்தில் துடிக்க வேண்டும். முன்பு பன்றிகளுக்கு வைத்துப் பார்த்தபோது சிலவற்றில் அது தன் இஷ்டத்துக்குத் துடித்தது. ஒன்று செத்தது. நான் பக்கத்தில் இருந்தேன். மற்றவை தேறின. நன்றாகவே தேறின.

மனிதருக்கு என்ன ஆகும்? தெரியாது. தெரிந்தால் அது மருத்துவம். தெரியாததால் ஆராய்ச்சி.

சேர்கிறவர்கள் எல்லோருக்கும் பைபாஸ் உண்டு. தகடு பாதிப் பேருக்குத்தான். யாருக்கு என்று சேர்ந்தவருக்குத் தெரியாது. பிறகு இதயத்தை அளப்பவருக்குத் தெரியாது. வளர்க்கும் எனக்கும் தெரியாது. அப்படி இருந்தால்தான் கடைசியில் தகடு உதவியதா, பைபாஸ் மட்டுமே போதுமா என்று சொல்ல முடியும்.

இதில் வேலை செய்கிறவர்களின் குடும்பத்தார் சேரக் கூடாது. நான் வேலைக்கு வந்தபோதே வீட்டார் பெயர்களைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். உன் பெயரும் கொடுத்திருக்கிறேன். இந்த விதி என்னைப் போன்ற ஆளுக்காகத்தான். உனக்கு என்று தெரிந்தால் இருப்பதில் நல்லதை ஓரமாக எடுத்துவைப்பேன். அப்போது மற்றது யாருக்குப் போகும்?

பைபாஸைத் தள்ளிப்போடாதே. எங்கே செய்தாலும் வந்து பக்கத்தில் இருப்பேன்.

ஜீப்பைத் தொடாதே. உனக்கு மயக்கம் வந்தால் நீ மட்டும் உருள மாட்டாய்.

ஜூலி

•

கச்சிராயபாளையம்
21 அக்டோபர் 2024

ஜூலி,

கோபமெல்லாம் போய்விட்டது. நல்ல செய்தி, உட்கார்ந்து படி.

போன வாரம் சென்னைக்கு வந்திருந்தேன். சின்னசேலத்தில் ரயிலேறி, விருத்தாசலத்தில் மாறி, உங்கள் ஆஸ்பத்திரிக்கேதான் வந்தேன். உன்னைப் பார்க்கவில்லை. பார்த்தால் காரியம் கெட்டுவிடும். ரெண்டு நாள் வைத்து எல்லாம் சோதித்தார்கள். நான் பொருத்தமான ஆளாம். ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டார்கள். நவம்பர் கடைசியில் ஆபரேஷன்.

எப்படி என்று கேட்பாய். நீ கொடுத்த பெயர் பிலவேந்திரன். ஆதாரில் நான் யார்? உனக்கே மறந்திருக்கும். ராஜாங்கம். கோயிலில் ஞானஸ்நானத்துக்கு ஒரு பெயர், சர்டிபிகேட்டுக்கு ஒரு பெயர், நம் தெருவில் யாருக்கு அப்படி இல்லை? உன்னையே அங்கே எழில்மதி என்றுதானே கூப்பிடுகிறார்கள். ஒரு லேடி டாக்டர் கேட்டார், "இங்க வேலை செய்றவங்க யாராவது உங்களுக்குச் சொந்தமா?" என்று. "இல்லைங்க" என்றேன். ராஜாங்கம் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கத்தான் நேரமாகிறது. காதும் கொஞ்சம் மந்தம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

வெராண்டாவில் என் பக்கத்தில் ஒருவர். பொன்னுரங்கம், திருக்கோவிலூர்க்காரர். பஸ் கண்டக்டராக இருந்தவர். எனக்கு வந்ததுதான் அவருக்கும். இப்போது படி ஏற முடியாமல் வீட்டோடு இருக்கிறார்.

"பாதிப் பேருக்குத்தான் வெப்பாங்களாமே தம்பி, மீதிப் பேருக்கு வெறும் டிக்கெட்டுதானா?" என்றார்.

"டிக்கெட்டு கெடைச்சா போதுங்க" என்றேன்.

"நான் முப்பது வருசம் கிழிச்சிக் குடுத்தேன். எனக்கு ஒண்ணு கெடைக்குதா பாரு" என்று சிரித்தார். சிரிக்கும்போதே இருமல். கடைசி இடம் எனக்குக் கிடைத்துவிட்டதாம். யாராவது கழன்றால் அடுத்து அவரைக் கூப்பிடுவார்களாம். வெற்றிலை கொடுத்தார். போன் நம்பர் வாங்கிக்கொண்டார். நல்ல மனுஷன்.

நீ ஒன்றும் செய்ய வேண்டாம். தெரியாதது போல இரு. ஒன்றே ஒன்று மட்டும். நவம்பரில் வளர்ப்பதைக் கொஞ்சம் பார்த்து வளர்.

இப்படிக்கு
ராஜாங்கம்

•

சென்னை
28 அக்டோபர் 2024

அண்ணா,

நாளைக் காலையில் அவர்களிடம் சொல்லப் போகிறேன்.

இந்தக் கடிதம் உனக்கு வரும்போது அவர்கள் உன்னைக் கூப்பிட்டுப் பேசியிருப்பார்கள். முதலில் என்னிடமிருந்து உனக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். தபாலுக்கு அவ்வளவு வேகம் இல்லை. அண்ணியின் போனுக்குக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் நீ அழுவாய். நான் மாறிவிடுவேன்.

உன் இரண்டாவது பெயரை மறந்தது என் தவறு. வீட்டார் பெயர் என்று கேட்டார்கள். வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொன்னேன். அதையும் சேர்த்துச் சொல்லப் போகிறேன்.

இன்று காலை நடந்தது.

வளரும் தட்டுகளைத் திறந்து பார்த்தேன். எல்லாம் துடித்துக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் மற்றவற்றைவிட ஒழுங்காக, விட்டுவிடாமல். என் கை அதை எடுத்தது. மேல் அடுக்கில், வலது ஓரத்தில் வைத்தது. கதவை மூடிவிட்டு நின்றேன். பிறகுதான் புரிந்தது. நான் தேர்ந்தெடுத்துவிட்டேன். யோசிக்கவில்லை, தீர்மானிக்கவில்லை. கை செய்தது.

உனக்குத் தகடு கிடைக்குமா, பாதியில் எந்தப் பாதி நீ என்று எனக்குத் தெரியாது. அது போதவில்லை. நவம்பர் கடைசி என்று தெரிந்துவிட்டது. இனி எந்தத் தட்டையும் என்னால் வெறும் தட்டாகப் பார்க்க முடியாது. இப்படி வளர்த்தது உனக்குப் பலித்தாலும் அதிலிருந்து யாரும் ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. பலிக்காவிட்டாலும் அப்படியே. அடுத்து வரும் எல்லோருக்கும் நாம் பொய்யைக் கொடுத்திருப்போம்.

பொன்னுரங்கம் பற்றி ஏன் எழுதினாய்? அவருடைய இருமலை எழுதாமல் இருந்திருக்கலாம்.

நீ என்னை வெறுப்பாய். பைபாஸ் செய்துகொண்டு வெறு.

ஜூலி

•

சென்னை
18 டிசம்பர் 2024

அண்ணா,

பதில் இல்லை. எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் தினமும் தபால் பெட்டியைப் பார்க்கிறேன்.

ஆபரேஷன் புதுச்சேரியில் நல்லபடியாக முடிந்தது என்று அண்ணி செய்தி அனுப்பினார். கூடவே, "இப்ப வராத ஜூலி. ஒன்னப் பாத்தா எழுந்திரிச்சி ஒக்காந்துடுவாரு, தையல் பிரிஞ்சிடும்" என்று. வரவில்லை. புதுச்சேரி வரை வந்தேன். ஆஸ்பத்திரி எதிரில் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். அண்ணி வெளியே வந்து ஒரு ஃப்ளாஸ்க்கில் டீ வாங்கினார். என்னைப் பார்த்தார். டீக்குப் பிறகு பன்னும் வாங்கி என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

இங்கே என்னைத் தட்டுகளின் பக்கம் விடவில்லை. அன்று நான் தொட்டதையெல்லாம் கொட்டிவிட்டார்கள். மேல் அடுக்கில் இருந்ததையும். நான் கேட்டுக்கொண்டதுதான். கொட்டும்போது அது துடித்துக்கொண்டிருந்தது.

நான் வேலையை விட்டால் உன்னைச் சேர்ப்பார்களா என்றும் கேட்டேன். விட்டுவிடவும் தயாராக இருந்தேன். இல்லை என்றார்கள். ஒருமுறை பொய் சொன்னவரை எந்தப் பெயரிலும் சேர்க்க முடியாதாம்.

அதனால் வேலையை விடவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வரட்டுமா?

ஜூலி

•

கச்சிராயபாளையம்
9 ஜனவரி 2025

ஜூலியா,

வராதே என்று அப்போதே எழுத நினைத்தேன். எழுதாவிட்டாலும் நீ வரவில்லை. நல்லது.

உயிரோடு இருக்கிறேன். நெஞ்சைப் பிளந்து மூடியிருக்கிறார்கள். இருமினால் தலையணையை அணைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். சின்னப் பிள்ளை மாதிரி தலையணையோடு திரிகிறேன். ஜீப்பை நம் தெருப் பையன் சுபாஷ் ஓட்டுகிறான். வாசலில் அவன் ஹாரன் அடித்துவிட்டுப் போகும்போதெல்லாம் எனக்குக் கால் பிரேக்கைத் தேடுகிறது.

அன்று ரீத்தாவின் போனில் அந்த லேடி டாக்டர் எவ்வளவு மரியாதையாகப் பேசினார் தெரியுமா. "ராஜாங்கம், உங்க தங்கச்சி எங்ககிட்ட வந்து சொன்னாங்க." திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நீ செய்தது சரி என்று பங்குச் சாமியார் சொல்கிறார். அவருக்கு இதயம் நன்றாக இருக்கிறது.

ஒரு நாள் நான் கத்திக்கொண்டிருந்தபோது ரீத்தா, "பொய் சொன்னது நீங்க. மாட்டிகினது நீங்க. கோவம் மட்டும் அவ மேலயா?" என்றாள். பிறகு கஞ்சியை முன்னால் நகர்த்தினாள்.

எனக்குச் சரி தப்பு தெரியும். தெரிந்துதான் "இல்லைங்க" என்றேன். என் தங்கை எனக்காக ஒரு முறை தப்பு செய்வாள் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

பதில் எழுதாதே.

•

சென்னை
16 பிப்ரவரி 2025

அண்ணா,

எழுதுகிறேன். வேண்டாமென்றால் கிழித்துப் போடு. கிழிப்பதும் கைக்குப் பயிற்சிதான்.

செய்தேன். உனக்காக ஒரு முறை தப்பு செய்தேன். மேல் அடுக்கு, வலது ஓரம். உன் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நீ படிக்காமல் தாண்டியிருக்கலாம். திரும்பப் படி.

தட்டுகளிடம் என்னை மறுபடி விட்டுவிட்டார்கள். இரண்டு பேர் சேர்ந்துதான் இப்போது கதவைத் திறக்கிறோம். நான் கேட்டுப் போட்ட ஏற்பாடு.

இனி உன்னைப் பற்றி. செத்த சதை திரும்பாது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் அதைச் சுற்றி ரத்தம் இல்லாமல் சோர்ந்துபோய்ச் சும்மா கிடந்த சதை இருக்கிறது. இப்போது அதற்கு ரத்தம் போகிறது. அது வேலைக்குத் திரும்பலாம். மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக. உட்கார்ந்திருந்தால் திரும்பாது. நட.

தெருமுனை வரை. பிறகு கோயில் வரை. பிறகு கோமுகி அணை வரை. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம். பேச முடியாமல் போனால் நில். யாரிடம் பேசுவது என்று கேட்காதே. என்னைத் திட்டிக்கொண்டே நட. அதற்கு மூச்சு மிச்சம் இருக்க வேண்டும். அதுதான் அளவு.

மாத்திரையை நிறுத்தாதே. நன்றாக இருக்கிறது என்று தோன்றும் அன்றுதான் எல்லோரும் நிறுத்துகிறார்கள்.

நீ திரும்பி எழுதும்வரை எழுதுவேன்.

ஜூலி

•

கச்சிராயபாளையம்
2 ஜூன் 2025

ஜூலி,

மார்ச்சில் ஒன்று, ஏப்ரலில் ரெண்டு, மே மாதம் ஒன்று. எல்லாவற்றையும் படித்தேன். ஒன்றையும் கிழிக்கவில்லை. கிழித்தாலும் நீ அடுத்ததை எழுதுவாய்.

உன்னைத் திட்டிக்கொண்டே நடந்தேன். தெருமுனை வரை திட்டினேன். கோயில் வரை திட்டினேன். ஏப்ரல் கடைசியில் அணைக்கரை வரை போய்விட்டேன். அங்கே போய்ச் சேர்ந்தபோது திட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. திரும்பி வரும்போது சும்மா வந்தேன். அக்டோபரில் நீ எழுதியதையும் அன்று எடுத்துத் திரும்பப் படித்தேன். மேல் அடுக்கு, வலது ஓரம். முதல் தடவை அந்த இடத்துக்கு வருவதற்குள் காகிதத்தைக் கசக்கிவிட்டிருந்தேன். ரீத்தா நீவி எடுத்து வைத்திருந்தாள்.

போன மாதம் ஸ்கேன் எடுத்தார்கள். முன்னைவிடக் கொஞ்சம் பரவாயில்லை என்றார் டாக்டர். "கொஞ்சம்தான். ஜாஸ்தி ஆசைப்படாதீங்க" என்றார். கொஞ்சத்துக்குத்தான் ஆசைப்படுகிறேன். ஜீப்பை சுபாஷுக்கே கொடுத்துவிட்டேன். மலைக்கு இனி பயணியாகத்தான் போவேன்.

இதை எழுதுவதற்குக் காரணம் வேறு. சனிக்கிழமை பொன்னுரங்கம் வந்திருந்தார்.

முதலில் ஊரில் ஒரு கூத்து. பஸ்ஸை விட்டு இறங்கி, "ராஜாங்கம் வூடு எது?" என்று கேட்டிருக்கிறார். அப்படி ஒரு ஆளே இங்கே இல்லை என்று நாலு வீட்டில் அனுப்பிவிட்டார்கள். கடைசியில் நெஞ்சில் தையல் போட்ட ஆள் என்று கேட்டிருக்கிறார். பிள்ளைகள் கூட்டிக்கொண்டு வந்து விட்டார்கள்.

"ஊர்ல உனக்கு இன்னா பேரு?" என்றார் வந்ததும்.

சொல்லாமல் இருக்க முடியவில்லை. எல்லாம் சொன்னேன். ரெண்டு பெயர், நீ அங்கே வேலை செய்வது, நான் பொய் சொன்னது, நீ போய்ச் சொன்னது. எல்லாம் கேட்டுவிட்டு மோர் குடித்தார்.

"அப்ப உன் சீட்லதான் என்ன ஒக்கார வெச்சாங்களா?"

"ஆமாங்க."

"உன்ன எறக்கிவுட்டது உன் தங்கச்சியே."

"ஆமாங்க."

"நான்கூட என் மச்சானுக்கு டிக்கெட் போட்டுத்தான் ஏத்துவேன். ஊர்ல அதுக்கு எனக்கு இன்னா பேரு வெச்சாங்கன்னு சொன்னா நீ சிரிப்பே" என்றார். சொன்னார். சிரித்தேன். எழுத முடியாத பெயர்.

அவருக்குத் தகடு வைத்தார்களா, வெறும் பைபாஸா என்று அவருக்கே தெரியாது. இன்னும் கொஞ்ச காலம் போக வேண்டுமாம். இருமல் இல்லை. நம் வீட்டுப் படியில் நிற்காமல் ஏறினார். நானும் நிற்காமல்தான் ஏறுகிறேன். அதனால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

சாயங்காலம் நிலத்துக்குப் போனோம். மரவள்ளி நட்டு ஒரு மாதம் ஆகிறது. அங்கங்கே முளைக்காத குழிகள். கரணைகளை எடுத்துக்கொண்டேன். நான் குழியைக் கிளற, அவர் ஊன்றினார். தலைகீழாக ஊன்றினார், பிடுங்கித் திருப்பி வைத்தேன். "எங்க ஊர்ல நெல்லு தம்பி, எனக்கு இன்னா தெரியும்" என்றார். ரெண்டு பேருக்கும் குனிந்தால் மூச்சு வாங்குகிறது. ஒரு வரிசை முடித்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தோம். இப்போது நடுவதில் பாதி, பக்கத்துச் செடியின் நிழலில் எழும்பாமலே போகும். வருடா வருடம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் நடுகிறேன். இதை முதல் கடிதத்தில் உனக்கு எழுதாமல் விட்டேன்.

அப்போது அவரிடம் கேட்டேன். "ஒரு தபா கை வெச்சிப் பாக்கட்டுங்களா?"

இன்னா ஏது என்று கேட்கவில்லை. அவரே சட்டைப் பொத்தானைக் கழற்றினார். என் தையல் மாதிரியே ஒரு தையல், கழுத்துக்குக் கீழே தொடங்கி நேராக இறங்குகிறது. அதற்கு இடது பக்கம் கையை வைத்தேன்.

துடித்தது. நீ வளர்த்ததா, அவர் பிறக்கும்போதே கொண்டுவந்ததா, என் கைக்குத் தெரியவில்லை. உனக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்பதற்காகத்தான் நீ என்னை இறக்கிவிட்டாய். அதை நினைத்துக்கொண்டே கையை எடுக்காமல் இருந்தேன்.

"இன்னா தம்பி, எதுனா சொல்லுதா?" என்றார்.

"ஓடுதுங்க" என்றேன்.

கடைசி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். படியில் நின்றபடியே கையைக் காட்டினார். உள்ளே போய் உட்காருங்க என்று கத்தினேன். கத்தியதில் எனக்கு மூச்சு வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து ரீத்தாவிடம் சொன்னேன். அவள் உள்ளே போய் என் போனை எடுத்துவந்து சார்ஜில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கூப்பிடு. எடுப்பேன்.

அண்ணன்
பிலவேந்திரன்